இருபத்தாறு புள்ளி ஒண்ணு

பேனாவ எடுக்காத தம்பி. என்கிட்ட இருக்கு. ஒண்ணுக்கு மூணு பேனா இருக்கு. பேனா இல்லாமலா இவ்வளவு நேரம் கையெழுத்துப் போடாம உக்காந்திருக்கேன்? உள்ள வை, சட்டையில மை பட்டுடப் போகுது. கிளப் முத்திரை போட்ட சட்ட வேற. புதுசா? பெவிலியன் திறப்பு விழாவுக்குத் தச்சதா? இந்தத் தடவ நம்ம தையக்காரர்கிட்ட குடுத்திருக்க மாட்டீங்க. அதான் தோள்பட்ட ரெண்டும் தூக்கிக்கிட்டு நிக்குது.

அவளையா கேக்குற? கதவத் திறந்துட்டு ஒரு வார்த்த பேசாம உள்ள போயிட்டாளேன்னு மனசுல வச்சுக்காத. அவ சுபாவம் அப்படி. தண்ணி நான் கொண்டுவந்து வச்சிருக்கேன், குடி. குடிச்சிட்டு அந்தக் காகிதத்த இன்னொரு தடவ நீயே வாசி. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. இருந்தாலும் உன் வாயால கேக்கணும் போல இருக்கு.

ம். மெதுவா. கடந்த இருபத்தேழு ஆண்டுகளாக மேற்படி மைதானத்தில் நேரக் கண்காணிப்பாளராகப் பணியாற்றிவரும் நான். சரி, அது உண்மை. எவ்வித முறைகேட்டையும் ஒருபோதும் கண்டதில்லை எனவும். ம். மேற்படி மாணவி போதிய வேகம் இன்மையால் தனிப் பயிற்சிக் குழுவில் சேர்க்கப்படாத மனக்கசப்பே இப்புகாருக்குக் காரணம் எனவும், அதற்கு என் கைப்பட எழுதிய நேரக் குறிப்புகளே சான்று எனவும். நிறுத்து. அங்கயே நிறுத்து.

யாரு எழுதிக் குடுத்தது, வக்கீலா? நல்ல கை. எவ்வளவு வழவழன்னு எழுதியிருக்காரு பாரு, ஈ உக்காந்தா வழுக்கி விழுந்துடும். மேற்படி மாணவியாம். உங்க சட்டை எல்லாத்தையும் பத்து வருஷமா கூலி வாங்காம தச்சுக் குடுத்த மனுஷனோட பொண்ணு தம்பி அது. பதினஞ்சு வயசு. மூணு வாரத்துக்கு முன்னாடி அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு வந்து, ஓட்டப் பயிற்சி குடுக்குற மாஸ்டர் அந்தத் தனி ரூமுக்குள்ள கூப்பிட்டு என்ன பண்ணாருன்னு கமிட்டி முன்னாடி நின்னு சொல்லுச்சு. ஆறு பேரு உக்காந்து கேட்டீங்க. ரெண்டு பேரு ஃபோனப் பாத்துக்கிட்டே கேட்டாங்களாம். நீ பாக்கலையா? சரி, நீ பாக்கல. நம்புறேன்.

இரு, உன்னோட இன்னொரு விஷயத்துக்கும் வரேன். மறக்கல. உள்ள வந்து செருப்பக் கழட்டும்போதே போற போக்குல சொல்ற மாதிரி சொன்ன பாரு, என் பொண்ணு போன மாசம் எரநூறு மீட்டர் இருபத்தாறு புள்ளி ஒண்ணு செகண்டுல ஓடியிருக்கா அக்கா, ஒரே ஒரு பாயிண்டுல தனி பேட்ச் போச்சு, அக்கா மனசு வச்சா அப்படின்னு. மீதியச் சொல்லாம சிரிச்ச. காகிதத்துக்குக் கையெழுத்து, உன் பொண்ணுக்கு ஒரு பாயிண்ட். ஒரே நடையில ரெண்டு காரியம். பதில் சொல்றேன். ஆனா முழுசாக் கேட்டுட்டுத்தான் எந்திரிக்கணும்.

நான் எப்படி ஸ்டாப் வாட்ச் பிடிக்க வந்தேன்னு உனக்குத் தெரியுமா? நீ அப்ப ஓடிக்கிட்டிருந்தவன், எங்களை எல்லாம் எங்க பாத்திருக்கப் போற. லாரி எடை போடுற மேடையிலதான் எனக்கு வேலை. லாரி வந்து ஏறி நிக்கும், நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உக்காந்து எடையப் பாத்துச் சீட்டு எழுதிக் குடுப்பேன். அம்பது கிலோ குறைச்சுப் போடும்மா, நூறு கிலோ கூட்டிப் போடும்மான்னு டிரைவருங்க கெஞ்சாத நாள் கிடையாது. ஒருத்தன் காலுல விழாத குறை. ஒருத்தன் கல்யாணமே பண்ணிக்கிறேன்னான். ஒரு கிலோ அசைஞ்சதில்ல நான். கல்லுன்னுதான் எனக்குப் பட்டப் பேரு. அந்தப் பேரக் கேள்விப்பட்டுத்தான் மாஸ்டர் என்னைத் தேடி வந்தாரு. எனக்கு ஓட்டப்பந்தயம் தெரிஞ்சவங்க வேணாம், இளகாத கைதான் வேணும்னாரு.

அவரேதான் சொல்லிக் குடுத்தாரு. துப்பாக்கிச் சத்தத்துக்கு அமுக்கக் கூடாது, புகையப் பாத்து அமுக்கணும். சத்தம் நம்மகிட்ட வர்றதுக்குள்ள ஓட்டக்காரன் கிளம்பிடுவான். முடிக்கிறப்ப தலை தாண்டுனாலும் கணக்கில்ல, கால் தாண்டுனாலும் கணக்கில்ல, நெஞ்சு கோட்டத் தொடணும். அப்புறம் முக்கியமான சட்டம். கையால எடுக்குற நேரத்துல புள்ளிக்கு அப்புறம் ரெண்டாவது எண் வந்துச்சுன்னா, எவ்வளவு சின்னதா இருந்தாலும் அடுத்த பாயிண்டுக்குத் தள்ளி எழுதணும். வாட்ச்ல இருபத்தாறு புள்ளி பூஜ்யம் ஒண்ணுன்னு நின்னாலும் நோட்டுல இருபத்தாறு புள்ளி ஒண்ணு. குறைச்சு எழுதவே கூடாது. ஓடுறவங்களுக்கு அது அநியாயமாத் தெரியும். ஆனா சட்டம் அதான். எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. எடை மேடை மாதிரியே இருக்கேன்னு.

அவர நான் தலையில தூக்கி வச்சு ஆடலன்னு சொல்ல மாட்டேன். உன்னைக் குத்தம் சொல்லணும்னா முதல்ல என்னைச் சொல்லணும். இந்த ஊரே அப்படித்தானே இருந்துச்சு? அவரு விசில் ஊதுனா தெருவுல போற சைக்கிள்காரன் பிரேக்கப் பிடிப்பான். பிள்ளைக்குக் காய்ச்சல்னா டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி மாஸ்டர்கிட்ட கேட்டாங்க. அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தப்ப ரத்தம் குடுக்க முப்பத்தெட்டு பேரு வரிசையில நின்னோம். ரத்தமே தேவப்படலன்னு நர்ஸ் சொல்றாங்க, எங்களுக்கு அழுகையே வந்துடுச்சு. எடுத்துக்கங்க, எடுத்து வேற யாருக்காவது குடுங்க, ஆனா அவருக்காகக் குடுத்ததா எழுதிக்கங்கன்னு சண்டை போட்டுக் குடுத்துட்டு வந்தோம். சிரிக்கிறியா? நீ வெளியூர் வேலையில இருந்துக்கிட்டு அன்னைக்கு எத்தன தடவ ஃபோன் பண்ணன்னு எனக்குத் தெரியும்.

ஒரு தடவ ஆண்டு விழாவுல, அத்தன பேரு முன்னாடி என் கையப் பிடிச்சுத் தூக்குனாரு. இந்த மைதானத்துல பொய் சொல்லத் தெரியாத விரல் இது ஒண்ணுதான்னாரு. கைதட்டல் அடங்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. வாட்ச் இருந்திருந்தா எடுத்திருப்பேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து இந்த விரலத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்தேன். பெரிய மனுஷன் ஒருத்தன் நம்மள மதிச்சுட்டான்னா அவன் தப்பு எதுவும் நம்ம கண்ணுக்கு ஏறாது தம்பி. அவன் தப்பானவன்னா அவன் குடுத்த மதிப்பும் தப்பாயிடும் இல்ல? அதான் நமக்குப் பயம். அவருக்காக ஒண்ணும் இல்ல, நமக்காகத்தான் அவரக் காப்பாத்துறோம்.

சரி, தனி பேட்ச். உங்க காலத்துல பையன்களுக்கு அது இல்ல. பொம்பளப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான். மாசம் ஒரு தடவ எரநூறு மீட்டர் ஓட விடுவாரு. இருபத்தாறுக்குள்ள வந்தவ தனி பேட்ச். அவளுக்கு முள்ளு வச்ச ஷூ இலவசம், ஃபோட்டோ ஆபீஸ் போர்டுல, வெளியூர் போட்டிக்கு மாஸ்டர் கார்லயே பயணம். மத்தியானம் எல்லாரும் போனதுக்கப்புறம் ஒவ்வொருத்தியா அந்த மசாஜ் ரூம்ல தனியா பயிற்சி. கதவு சாத்தியிருக்கும். தசை இளகுற நேரத்துல காத்துப் படக்கூடாதுன்னு அவரு சொன்னாரு, நாமளும் தலையாட்டுனோம். பெத்தவங்க எல்லாம் அந்த இருபத்தாறுக்குத் தவமாத் தவம் இருந்தாங்க. உன்ன மாதிரி.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன். நீ நானூறு மீட்டர் ஓடுனவன், அந்தத் தடத்துல உனக்குத் தெரியாத அங்குலம் கிடையாது. முடிவுக் கோட்டுக்கு எட்டு மீட்டர் முன்னாடி, உள் பக்கமா, ஒரு இரும்பு மூடி இருக்கு பாரு. மழைத் தண்ணி போற வடிகாலுக்கு. துருப் பிடிச்சு, ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு இருக்கும். ஆமா, அதேதான். நான் வாட்சப் பிடிச்சுக்கிட்டுக் கோட்டுக்கு நேரா நிக்கிறேனா, வருஷக்கணக்கா ஒண்ணு பாக்குறேன். நல்லா வர்ற பிள்ளைங்க, வளைவுல பறந்து வர்றவளுங்க, அந்த மூடிகிட்ட வந்ததும் கையத் தொங்க விட்டுடுவாளுங்க. ஒருத்தி ரெண்டு பேரு இல்ல. அஞ்சு வருஷம், ஆறு வருஷம், பிள்ளைங்க மாறிக்கிட்டே இருக்காங்க, மூடிகிட்ட கை மட்டும் மாறாமத் தொங்குது. வாட்ச்ல பாத்தா இருபத்தாறு புள்ளி ஒண்ணு, புள்ளி ரெண்டு, புள்ளி ஒண்ணு, புள்ளி மூணு. என் நோட்டுப் பூரா அதான். அய்யோ, இவ்வளவு தூரம் வந்துட்டு இப்படி நூலிழையில விடுறாளுங்களேன்னு எனக்கு ஒரே வயித்தெரிச்சல்.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? மாஸ்டர்கிட்ட போய்ச் சொன்னேன். பெரிய கண்டுபிடிப்பு கண்டுபிடிச்சவ மாதிரி. மாஸ்டர், எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே குறை இருக்கு, அந்த மூடிகிட்ட தளர்ந்துடுறாங்க, நீங்க கொஞ்சம் பாத்துத் திருத்தணும்னு. அவரு விசில விரல்ல சுத்திக்கிட்டே கேட்டாரு. அப்புறம் சிரிச்சாரு. உங்க கண்ணு இருக்கே, சும்மா சொல்லக் கூடாதுன்னாரு. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. அடுத்த மாசம் ஓட்டத்துக்கு விசில வாயில வச்சுக்கிட்டு அந்த மூடி பக்கத்துலயே வந்து நின்னாரு. ஒருத்தியும் கையத் தொங்க விட முடியல.

அன்னைக்கு நாலாவது லேன்ல ஒரு பிள்ளை. பதினஞ்சு வயசு. ஒல்லி, முழங்கால்தான் முதல்ல தெரியும். அந்தப் பிள்ளை ஓடுனத நான் இன்னும் மறக்கல. மூடிகிட்ட அவரு நிக்கிறாரு. அங்க தளர முடியாது. அதனால அது வளைவுலயே ஆரம்பிச்சுடுச்சு. யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியல. கை வேகம் குறையல, கால் வேகம் குறையல, ஆனா ஒவ்வொரு எட்டுலயும் துளித் துளியா விட்டுக்கிட்டே வருது. கையில வாட்ச் இல்ல, முன்னாடி கடிகாரம் இல்ல, மனசுக்குள்ளயே எண்ணிக்கிட்டு வருது. நெஞ்சு கோட்டத் தொடுது. நான் அமுக்குனேன். இருபத்தாறு புள்ளி பூஜ்யம் நாலு.

சட்டப்படி என்ன எழுதணும்? சொல்லு. ஆமா. இருபத்தாறு புள்ளி ஒண்ணு.

நான் இருபத்தாறுன்னு எழுதுனேன்.

ஏன் எழுதுனேன்னா கேக்குற? பாசம்தான். வேறென்ன. லாரிக்காரன் காலுல விழுந்தப்ப இளகாத கை, ஒரு செகண்டுல நூறுல நாலு பங்குக்கு இளகிடுச்சு. கண்ணு சிமிட்டுற நேரம்கூட இல்லையே, இதுக்காக ஒரு பிள்ளையோட வாழ்க்கையத் தடுக்கணுமான்னு தோணுச்சு. சத்தமாப் படிச்சேன், நாலாவது லேன், இருபத்தாறுன்னு. எல்லாரும் கை தட்டுனாங்க. மாஸ்டர் விசில் ஊதுனாரு. அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் குழாயடிக்குப் போய் மூஞ்சியக் கழுவுச்சு. கழுவுச்சு, கழுவுச்சு, கழுவிக்கிட்டே இருந்துச்சு. சந்தோஷத்துல அழுதத மறைக்குதுன்னு நான் நினைச்சேன். போய் முதுகுல தட்டிக் குடுத்தேன் வேற.

அஞ்சு மாசம். அப்புறம் முட்டி வலிக்குதுன்னு வீட்டோட நின்னுடுச்சு. டாக்டர் பாத்துட்டு முட்டியில ஒண்ணுமில்லன்னாரு. மாஸ்டருக்குக் கோவம், இவ்வளவு செலவழிச்சுக் கத்துக்குடுத்தா இப்படியான்னு. அந்தப் பிள்ளையோட அம்மா இருக்காளே, அவ அதக் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய், அவரு முன்னாடி நிக்க வச்சு, மன்னிப்புக் கேளுடின்னு கேக்க வச்சா. அதுவும் கேட்டுச்சு. குனிஞ்சபடியே கேட்டுச்சு. அந்த அம்மாவப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. செருப்பால அடிச்சாலும் தகும்.

அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, இப்பலருந்து ஒம்பது வருஷம் முன்னாடி, வேற ஒரு பிள்ளையோட பாட்டனும் சித்தியும் இதே புகாரோட கமிட்டிக்கு வந்தாங்க. நீ அப்ப இங்க இல்ல, அதனால உனக்குத் தெரியாதுன்னு வச்சுக்குவோம். அன்னைக்கு இருந்த தலைவரும் செயலாளரும் ஒரு வாரம் கூடிக் கூடிப் பேசுனாங்க. கடைசியில என்ன நடவடிக்கை எடுத்தாங்க தெரியுமா? மசாஜ் ரூம்ங்கிற போர்டக் கழட்டிட்டு, உடல்திறன் ஆலோசனை அறைன்னு புதுப் போர்டு மாட்டுனாங்க. அவ்வளவுதான். அதே ரூம், அதே கதவு, அதே தாழ்ப்பாள். கூட ஒரு புகார்ப் பெட்டி. அத எங்க வச்சாங்க? மாஸ்டர் ரூம் வாசல்ல. சாவி மாஸ்டர்கிட்ட. அந்தப் பிள்ளைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் குடுத்து வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வச்சாங்க. புதுப் போர்டு மாட்டுனப்ப ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நான். கோணலா இருக்கு, வலது பக்கம் கொஞ்சம் தூக்குங்கன்னு சொன்னவளும் நான்தான்.

இல்ல தம்பி, நீ அழகா பூசி மொழுகாத. ஆதாரம் இல்லாம ஒரு பெரிய மனுஷன் மேல பழி போடலாமாங்கிற. ஆதாரம் கேட்டுத்தானே என் நோட்டத் தேடி வந்திருக்கீங்க? தையக்காரர் பொண்ணோட கடைசி எட்டு மாசத்து நேரம் எனக்கு மனப்பாடம். புள்ளி ரெண்டு, புள்ளி ஒண்ணு, புள்ளி ரெண்டு, புள்ளி ரெண்டு, புள்ளி மூணு, புள்ளி ஒண்ணு, புள்ளி ஒண்ணு, புள்ளி ரெண்டு. வேகம் இல்லாத பிள்ளை இப்படி ஓடாது. வேகம் இல்லாதவ ஒரு நாளைக்கு இருபத்தேழு ஓடுவா, ஒரு நாளைக்கு இருபத்தெட்டு ஓடுவா. இது கோடு கிழிச்சு அந்தப் பக்கம் நிக்கிற பிள்ளை. இதே பிள்ளை நடுவுல ஒரு தடவ பள்ளிக்கூடத்து டீச்சரோட வெளியூர் போட்டிக்குப் போச்சு. மாஸ்டர் வரல. மூடி இல்லாத மைதானம். மூணு பேரு வாட்ச் பிடிச்சிருக்காங்க. இருபத்தஞ்சு புள்ளி மூணு. அங்க ஓடத் தெரிஞ்ச கால் இங்க மட்டும் ஏன் தெரியல? உங்க வக்கீல் அத எழுதலையே. எட்டு மாசம் தப்பிச்சுக்கிட்டே இருந்த பிள்ளைய, வேகம் ஏன் வரலன்னு பாக்கணும்னு சொல்லி, கடைசியில பேட்ச்ல சேக்காமலே உள்ள கூப்பிட்டிருக்காரு உங்க மாஸ்டர். என்னோட மாஸ்டர்னே சொல்றேன், போ.

மூடிகிட்ட ஏன் கைய விட்டாளுங்கன்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, அந்த நாலாவது லேன் பிள்ளை சொல்லித்தான். பதினோரு வருஷம் வாயத் திறக்கல. தையக்காரர் பொண்ணு புகார் குடுத்த செய்தி வந்த அன்னைக்கு, நான் மாஸ்டர் பக்கம் நின்னு பேசிக்கிட்டு இருந்தேன். ஆமா, அன்னைக்கும் நான் அவரு பக்கம்தான். இந்தக் காலத்துப் பிள்ளைங்க என்ன வேணா சொல்லும்னு பேசிக்கிட்டு இருந்தேன். அப்ப அது வந்து என் எதிர்ல நின்னுச்சு. திட்டல, அழல. ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. அன்னைக்கு வாட்ச்ல என்ன இருந்துச்சு?

எந்த நாள்னு நான் கேக்கத் தேவையே இல்லாமப் போச்சு. இருபத்தாறு புள்ளி பூஜ்யம் நாலுன்னேன்.

அப்ப நான் தப்பா ஓடலையா? அப்படின்னுச்சு.

உனக்குப் புரியுதா தம்பி? பதினோரு வருஷமா அது தன்னைத்தான் திட்டிக்கிட்டு இருந்திருக்கு. எண்ணினது தப்பாப் போச்சு, ஒரு எட்டு கூடுதலா விட்டிருக்கணும், நம்ம தப்பாலதான் உள்ள போனோம்னு. பெரிய பிள்ளைங்க எல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு உடை மாத்துற ரூம்ல வச்சு சொல்லிக் குடுப்பாளுங்களாம். மூடி வந்தா கைய விடு. இருபத்தாறு புள்ளி ஒண்ணு, அதுக்குக் கீழ போயிடாத. ஷூவுக்கு ஆசப்படாத. ஒரு பெரியவங்களும் காப்பாத்தலன்னு தெரிஞ்சு, பதிமூணு பதினாலு வயசுப் பிள்ளைங்க தங்களுக்குள்ள ஒரு வேலி கட்டி வச்சிருக்குதுங்க. அந்த வேலியில கைய விட்டு ஒரு பிள்ளையத் தூக்கி அந்தப் பக்கம் போட்டது யாரு? பொய் சொல்லத் தெரியாத விரல். நான் சரியாத்தான் ஓடியிருக்கேன்னு ரெண்டு தடவ சொல்லிட்டு, அது போய் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுடுச்சு. நான் இந்த நாற்காலியிலயே உக்காந்திருந்தேன்.

நோட்டெல்லாம் வாங்கிட்டு வரச் சொன்னாங்களா உன்ன? அந்த அலமாரியத் திறந்து பாத்துக்கோ. தாழ்ப்பாள் கொஞ்சம் மக்கர் பண்ணும், தூக்கித் திற. காலி. இருபத்தேழு வருஷத்து நோட்டும் நேத்து மத்தியானம் போயிடுச்சு. வெளிய இருந்து விசாரிக்க வந்திருக்காங்களே அந்த அதிகாரி அம்மா, அவங்க மேசை மேல நானே கொண்டுபோய் அடுக்குனேன். நாலு பக்கம் எழுதியும் குடுத்துட்டேன், இதே பேனாவால. முதல் வரியே என்னைப் பத்தித்தான். இந்தத் தேதியில, இந்த ஓட்டத்துல, நான் பொய் நேரம் எழுதுனேன்னு. மூடிய மாஸ்டருக்குக் காட்டிக் குடுத்தது ரெண்டாவது பக்கம். ஸ்டூலப் பிடிச்சது மூணாவது பக்கம்.

அய்யய்யோன்னு ஏன் பதறுற? தெரியும். ஒரு தடவ பொய் எழுதுனவ எல்லாத்தையும் பொய்யா எழுதியிருப்பான்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். எந்தப் பக்கமாப் பொய் சொன்னேன்னு உங்க வக்கீலப் பாக்கச் சொல்லு. மாஸ்டருக்கு ஒரு பிள்ளையத் தூக்கிக் குடுக்கத்தான் பொய் சொல்லியிருக்கேன், தடுக்கச் சொல்லல. நேரம் எடுக்குற லைசென்ஸ் போகும். போகட்டும். திறப்பு விழாவுல எனக்குக் கேடயம் குடுக்கறதா இருந்தீங்க, அத உருக்கி அந்த மூடிக்கு ஒரு கைப்பிடி வையுங்க. உன்னோட நானூறு மீட்டர் ரெக்கார்டு? ஆமா, அதுவும் என் கையால எழுதுனதுதான். போர்டுல இருபத்து நாலு வருஷமா யாரும் முறியடிக்காம நிக்குது. அதையும் சந்தேகப்படுவாங்க, அழிப்பாங்க. நீ ஓடுனது ஓடுனதுதான் தம்பி. அன்னைக்கு வாட்ச்ல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அது போதாதா? போர்டுல இருந்தாத்தான் ஓடுனதா அர்த்தமா?

மிரட்டலன்னு சொல்ற. சரி, மிரட்டல. ஊரே என் மேல காறித் துப்பும்னு அன்பா எடுத்துச் சொல்ற. துப்பட்டும். முப்பத்தெட்டு பேரு வரிசையில நின்னு ரத்தம் குடுத்த ஊரு, துப்புறதுக்கா யோசிக்கப் போகுது? வாசல்ல வந்து துப்பச் சொல்லு, நான் கதவத் திறந்தே வச்சிருக்கேன். பெவிலியனுக்கு அவரு பேர வைப்பீங்கன்னா வையுங்க. பெரிய எழுத்தா வையுங்க. அப்புறம் அந்தப் பேர இறக்குறப்ப யாராவது ஸ்டூலப் பிடிக்கணும்னா என்னைக் கூப்பிடுங்க. எனக்கு அந்த வேலை நல்லாப் பழக்கம்.

எந்தப் பிள்ளைன்னு தெரிஞ்சா கமிட்டியில பேசி, ஏதாவது செய்யலாமா? என்ன செய்வ, நன்னடத்தைச் சான்றிதழ் குடுப்பியா?

நீ பெல் அடிச்சப்ப கதவத் திறந்தா பாரு. உன் சட்டையில இருக்குற முத்திரையப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம உள்ள போனாளே, அவதான். என் பொண்ணு. நீ ரெக்கார்டு ஓடுன அன்னைக்கு என் இடுப்புல உக்காந்து கை தட்டுனா. உனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது.

எந்திரிச்சுட்டியா? காகிதத்த மறக்காம எடுத்துக்கோ, எனக்கு இங்க குப்பை சேக்க இடம் இல்ல. அப்புறம் நீ கேட்ட அந்த ஒரு பாயிண்ட். தர மாட்டேன்பா. உன் பொண்ணு இருபத்தாறு புள்ளி ஒண்ணுதான். வாட்ச்ல இருந்தத அப்படியே எழுதியிருக்கேன், அப்படியேதான் இருக்கும். வீட்டுக்குப் போனதும் ஏன்டி விட்டன்னு அவளத் திட்டாத. வேற ஒண்ணும் நோண்டி நோண்டிக் கேக்காத. பக்கத்துல உக்காந்து, அந்த மூடி எங்கம்மா இருக்குன்னு மட்டும் கேளு.